காசநோயில் பிஎச்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோய் உடம்புக்குள் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய வேண்டும், அந்த ஆராய்ச்சி ஊருக்கும் பயன்பட வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. எல்லா நோய்க்கும் பொதுவாகப் பேசினால் யாருக்கும் உதவாது என்பதால் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். விதி என்று வரும் இடங்களில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்டி ஒழுங்குமுறைதான் அடிப்படை. உங்கள் பல்கலைக்கழகம் அதற்கு மேல் சொந்த விதிகள் வைத்திருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோய் எப்படி வருதுன்னு ஆராயறதும் பொதுச் சுகாதாரமும் ஒண்ணுதானா? ரெண்டையும் சேர்த்தே பண்ணலாமா?

ஒன்று இல்லை. கிருமி நுரையீரலுக்குள் போனதும் அதை விழுங்க வரும் மேக்ரோபேஜ் செல்லுக்குள்ளேயே அது எப்படிக் குடியிருக்கிறது என்பது முதல் வகைக் கேள்வி. ஒரே வீட்டில் நான்கு பேர் இருந்தும் ஒருவருக்கு மட்டும் நோய் வருவது ஏன், வந்தவர் மருத்துவமனைக்கு இரண்டு மாதம் கழித்து வருவது ஏன் என்பது இரண்டாவது வகை. கருவி, கணக்கு, அனுமதி எல்லாமே வேறு வேறு.

இரண்டும் சந்திக்கும் இடங்கள் உண்டு. சத்துக்குறைவு அதில் ஒன்று. மெலிந்த உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைகிறது என்பது நோயியல். அதைச் சோற்றால் தடுக்க முடியுமா என்று ஜார்க்கண்டில் 'ரேஷன்ஸ்' ஆய்வு பார்த்தது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேர் அதில் சேர்ந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பை. வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு ஒரு பிரிவில் மட்டும் மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும். அந்தப் பிரிவில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்ததாக 2023-இல் வெளியிட்டார்கள். பிஎச்டி மாணவர் ஒருவர் இந்த அளவுக்கு ஓட முடியாது. எந்தக் காலில் நிற்கப் போகிறோம் என்று முதல் ஆறு மாதத்தில் முடிவு செய்துவிட்டு, மற்றக் காலுக்கு ஒரே ஒரு அத்தியாயம் ஒதுக்குவதே நடக்கக்கூடியது.

என்ன படிச்சிருக்கணும்? எம்பிபிஎஸ் மட்டும் வச்சு சேர முடியுமா?

முதுகலையில் 55 சதவீதம். நான்கு ஆண்டு இளங்கலை படித்தவர்கள் 75 சதவீதம் இருந்தால் நேரடியாகச் சேரலாம். எஸ்சி, எஸ்டி, ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 5 சதவீதம் சலுகை உண்டு. சிஎஸ்ஐஆர் நெட் (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் ஆசிரியர் தகுதிக்குமான தேசியத் தேர்வு) எழுத எம்பிபிஎஸ் போதும். ஆனால் பிஎச்டியில் பதிவு செய்ய எம்பிபிஎஸ் போதுமா என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் மாறும். சேர்க்கை அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

நெட், கேட், டிபிடி... எதை எழுதறது?

உயிரியல் படித்தவர்களுக்கு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் லைஃப் சயின்சஸ், உயிரித் தொழில்நுட்பத் துறை (டிபிடி) நடத்தும் பெட் ஆகிய இரண்டுமே முக்கியம். முடிந்தால் இரண்டையும் எழுதுங்கள். ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்ஆர்எஃப் (முதுநிலை) ஆனதும் 42,000, அதோடு வீட்டு வாடகைப் படி. 2023 ஜனவரி முதல் இருக்கும் விகிதம் இது.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்டி, பிஎச்டி மட்டும். பின்னிரண்டுக்கும் பணம் கிடையாது. சேர்க்கையில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று எடை போட மட்டுமே அது உதவும், அதுவும் ஓராண்டுக்குத்தான். "நெட் பாஸ்" என்று வீட்டில் இனிப்பு கொடுத்துவிட்டு, உதவித்தொகை எப்போது வரும் என்று கேட்பவர்கள் நிறைய.

உண்மையைச் சொல்லுங்க, எத்தனை வருஷம் ஆகும்?

விதிப்படி குறைந்தது 3, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் அதற்கு மேலும் 2. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் உண்டு.

நடைமுறையில் காசநோய்க்கு ஐந்து ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் கிருமியின் மேல்தான். ஈ.கோலை 20 நிமிடத்தில் இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு 20 மணி நேரம் வேண்டும். திட ஊடகத்தில் காலனி கண்ணுக்குத் தெரிய 3 முதல் 8 வாரம். ஒரு சோதனை கெட்டால் போவது ஒரு நாள் இல்லை, ஒரு மாதம். கோர்ஸ் வொர்க் (பிஎச்டிக்கான பாடங்கள்) ஓடும் முதல் ஆண்டிலேயே எத்திக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். கோர்ஸ் வொர்க்கை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருந்தவர்கள்தான் ஆறாம் ஆண்டில் ஓடுகிறார்கள்.

கைடு பெரிய ஆளா இருந்தா போதுமா?

பேராசிரியர் 8 பேரையும் இணைப் பேராசிரியர் 6 பேரையும் உதவிப் பேராசிரியர் 4 பேரையும் மட்டுமே ஒரு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. இவற்றை முதலில் பாருங்கள்.

பிறகு கேட்க வேண்டியவை: ஃப்ரீசரில் இப்போது எத்தனை சாம்பிள் இருக்கிறது? அவற்றைக் கொடுத்தவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதலில் உங்கள் வேலைக்கு இடம் இருக்கிறதா? புள்ளியியல் பார்ப்பவர் யார்? கடைசியாக முடித்த மூன்று மாணவர்கள் எத்தனை ஆண்டு எடுத்தார்கள்? கடைசிக் கேள்வியை கைடிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் அந்த மாணவர்களிடமே கேளுங்கள்; விருதுப் பட்டியலில் இல்லாத விவரமெல்லாம் அங்கே கிடைக்கும்.

எங்க சேரலாம்?

காசநோய்க்கென்றே இருப்பது சென்னை சேத்துப்பட்டில் உள்ள ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-இல் தொடங்கியது. நோய்ப்பரவல் பக்கம் சாய்பவர்களுக்குச் சென்னையிலேயே ஐசிஎம்ஆர் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம். வேலூர் சிஎம்சி, பெங்களூரு ஐஐஎஸ்சி, டெல்லி ஐசிஜிஇபி, ஃபரிதாபாத் டிஎச்எஸ்டிஐ ஆகிய இடங்களிலும் தொற்றுநோய் ஆய்வு நடக்கிறது. சமூகக் காரணிகளைப் பார்க்க விரும்பினால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவின் அச்சுத மேனன் மையம்.

எங்க காலேஜ்ல பிஎஸ்எல்-3 லேப் கிடையாது. அப்ப காசநோயே தொட முடியாதா?

தொடலாம், கேள்வியை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிஎஸ்எல் என்பது லேபின் உயிரிப் பாதுகாப்பு நிலை, எண் கூடினால் காப்பும் கூடும். எச்37ஆர்வி என்ற, நோய் தரும் லேப் வகைக் கிருமியையோ நோயாளியிடமிருந்து வந்த கிருமியையோ பிஎஸ்எல்-2வில் பெருக்கக் கூடாது. "கொஞ்சம்தானே, ஹூட் இருக்கே" என்பது பதில் இல்லை. இது காற்றில் பரவும் கிருமி. பிஎஸ்எல்-2வில் செய்யக்கூடியவை: ஸ்மெக்மாடிஸ் (காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமி), பிசிஜி (தடுப்பூசிக் கிருமி), எச்37ஆர்ஏ (வீரியம் குறைந்த வகை), செயலிழக்க வைத்த கிருமி, பிரித்தெடுத்த டிஎன்ஏ, நோயாளியின் ரத்தம்.

மாற்றுக் கிருமி எல்லாக் கேள்விக்கும் பொருந்தாது. ஸ்மெக்மாடிஸ் மூன்று மணி நேரத்தில் இரட்டிப்பாகும், கைக்கு வசதி. ஆனால் மேக்ரோபேஜ் அதைக் கொன்றுவிடும். உள்ளே பிழைத்திருப்பது எப்படி என்ற கேள்விக்கு அது பயன்படாது. பிசிஜியில் ஆர்டி1 என்ற மரபணுப் பகுதியே இல்லை. அதோடு ஈஎஸ்எக்ஸ்-1 என்ற, கிருமி தன் புரதங்களை வெளியே அனுப்பும் சுரப்பு அமைப்பின் முக்கியமான பாகங்களும் போய்விட்டன. பேகோசோம் (விழுங்கிய கிருமியை செல் அடைத்து வைக்கும் பை) சவ்வைக் கிருமி எப்படிக் கிழிக்கிறது என்று பிசிஜியை வைத்து ஆராய்ந்தால், விடை இல்லாத இடத்தில் ஐந்து ஆண்டு தேடுவீர்கள். மருந்து எதிர்ப்பு மரபணு மாற்றங்கள் பக்கம் போனால் டிஎன்ஏ மட்டும் போதும். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு ஆர்பிஓபி மரபணுவின் 81 எழுத்துப் பகுதியிலேயே பெரும்பாலான மாற்றங்கள் அடங்கிவிடும்.

மேக்ரோபேஜ் இன்பெக்ஷன் ஒவ்வொரு தடவையும் வேற ரிசல்ட் வருது. எங்க தப்பு?

பெரும்பாலும் கட்டிதட்டலில். இந்தக் கிருமியின் மேல்தோல் மெழுகு. ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும். ஒரு செல்லுக்கு ஒரு கிருமி என்று கணக்குப் போட்டு ஊற்றுவீர்கள். ஒரு செல்லுக்கு நாற்பதும் பக்கத்துச் செல்லுக்கு ஒன்றுமே இல்லாமலும் போகும். வளர்ப்பு ஊடகத்தில் 0.05 சதவீதம் ட்வீன்-80 (ஒட்டாமல் தடுக்கும் சோப்பு போன்ற பொருள்) வைத்திருங்கள். ஓடி (கிருமியின் அடர்வைக் கலங்கலை வைத்துச் சொல்லும் ஒளி அளவு) 0.6 முதல் 0.8-க்குள் இருக்கும்போதே எடுங்கள், முற்ற விடாதீர்கள். ட்வீன் செல்லைப் பாதிக்கும் என்பதால் கழுவுங்கள். பிறகு 100 ஜியில் (புவியீர்ப்பின் 100 மடங்கு விசையில்) 5 நிமிடம் மெதுவாகச் சுழற்றி, அடியில் இறங்கும் கட்டிகளை விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் எடுங்கள். 26 கேஜ் ஊசியில் இழுத்துத் தள்ளும் பழக்கம் பல லேபில் உண்டு. பிஎஸ்எல்-3க்குள் கூர்முனை ஊசி வேண்டாம், மழுங்கிய முனை வாங்குங்கள்.

அடுத்த சந்தேகம் ஆன்டிபயாட்டிக். செல் வளர்ப்பில் வழக்கமாகப் போடும் பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசின் கலவையை இன்பெக்ஷன் அன்று எடுக்க மறந்துவிட்டால், ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் மருந்து என்பதைக் கிருமி நினைவுபடுத்தும். ஒரு நாள் முன்பே அது இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள்.

டிஎச்பி-1 செல் (லேபில் வளர்க்கும் மனித ரத்தச் செல் வகை) என்றால் பிஎம்ஏ (அதை மேக்ரோபேஜ் போல மாற்றும் வேதிப்பொருள்) அளவையும், கொடுத்த பின் விடும் ஓய்வு நேரத்தையும் ஆய்வு முழுக்க மாற்றாதீர்கள். ஓய்வே விடாமல் தொற்ற வைத்தால் நீங்கள் அளப்பது பிஎம்ஏ கிளப்பிய அழற்சியை. மாதம் ஒருமுறை மைகோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் தெரியாமல் புகும் கிருமி) பிசிஆர் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஊற்றிய கிருமியையே தட்டில் பரப்பி எண்ணுங்கள். ஓடியை நம்பிப் போட்ட கணக்கும் தட்டில் வரும் எண்ணும் பத்து மடங்கு விலகுவது சாதாரணம். மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும் என்றாலும், எந்தச் சோதனையைத் தள்ளுவது என்று சொல்ல அது ஒன்றுதான் ஆதாரம்.

பிளட் சாயங்காலம்தான் வருது. மறுநாள் காலையில பிஎம்பிஎம்சி... சாரி, பிபிஎம்சி பிரிக்கலாமா?

பெயர் தடுமாறினால் பரவாயில்லை, நேரம் தடுமாறக் கூடாது. பிபிஎம்சி என்பது ரத்தத்தில் உள்ள, டி செல் போன்ற ஒற்றைக்கரு வெள்ளணுக்கள். எட்டு மணி நேரத்துக்குள் பிரித்துவிடுவது நல்லது. இரவு தாண்டிய ரத்தத்தில் கிரானுலோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளணுக்களின் அடர்த்தி மாறி அவை பிபிஎம்சி அடுக்கிலேயே தங்கிவிடும், டி செல்களையும் அடக்கும். பாதி நோயாளிகளின் ரத்தம் அன்றே பிரித்தது, பாதி மறுநாள் என்று கலந்துவிட்டால், பின்னால் வரும் வித்தியாசம் நோயாலா நேரத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) உள்ள குழாய், அறை வெப்பநிலை. ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம். ஃபைக்கால் (செல்களை அடர்த்தியால் பிரிக்கும் திரவம்) மேல் மெதுவாக அடுக்கி 400 ஜியில் 30 நிமிடம், பிரேக் அணைத்து. பிரேக் போட்டால் அடுக்கு கலங்கிவிடும். 1 மி.லி. ரத்தத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் செல் கிடைக்கும். திட்டத்தில் 2 கோடி செல் கேட்டுவிட்டு ஒப்புதலில் 5 மி.லி. என்று எழுதியவர்கள் உண்டு. மாலை ரத்தத்தைத் தவிர்க்கவே முடியாதென்றால் கேள்வியை ஆர்என்ஏ பக்கம் திருப்புங்கள். பாக்ஸ்ஜீன் என்ற, ஆர்என்ஏவைக் கெடாமல் காக்கும் குழாயில் அறை வெப்பநிலையில் மூன்று நாள் தாங்கும்.

எங்க ஸ்பூட்டம் கல்ச்சர்ல கண்டாமினேஷனே இல்ல. நல்ல விஷயம்தானே?

இல்லை. சளியில் வேறு கிருமிகள் கட்டாயம் இருக்கும். அவற்றைக் கொல்லச் சேர்க்கும் சோடியம் ஹைட்ராக்சைடு காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் கொல்லும். திட ஊடகத்தில் 3 முதல் 5 சதவீதம் கெடுவது இயல்பு. பூஜ்யம் என்றால் காரம் மிஞ்சியது அல்லது நேரம் மிஞ்சியது என்று பொருள். சளியோடு கலந்த பின் காரம் 1 சதவீதம், 15 நிமிடம், 20-ஐத் தாண்டாமல். ஒருவர் இருபது குழாயை வரிசையாகக் கையாளும்போது முதல் குழாய்க்கும் கடைசிக் குழாய்க்கும் பத்து நிமிடம் வித்தியாசம் வந்துவிடும். எட்டு எட்டாகச் செய்யுங்கள்.

எத்திக்ஸ் கமிட்டிக்கு என்னென்ன கொடுக்கணும்?

ஆய்வுத் திட்டம், நோயாளிக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், கேள்வித்தாள். நோயாளி பேசும் மொழியில் இருக்க வேண்டும். தமிழ்ப் படிவத்தை லேபுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள், "நோய் எதிர்ப்புக் குறிப்பான்" என்ற இடத்தில் நின்றுவிடுவார். மிச்ச ரத்தத்தைப் பின்னாளில் பயன்படுத்தலாமா என்பதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். மேலே கைடிடம் கேட்கச் சொன்ன இரண்டாவது கேள்வி இதனால்தான்.

மருந்தோ உணவோ கொடுத்துப் பார்க்கும் சோதனை என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு. விலங்கு என்றால் தனிக் கமிட்டி. மரபணு மாற்றிய கிருமி என்றால் உயிரிப் பாதுகாப்புக் கமிட்டி. வெளிநாட்டோடு சேர்ந்த ஆய்வு, சாம்பிள் அனுப்புவது என்றால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு. அதற்கு ஆகும் மாதங்களைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

கைடு "30 சாம்பிள் போதும்"னு சொல்றார். போதுமா?

எதற்குப் போதும் என்று கேளுங்கள். காசநோயாளிகளில் எத்தனை பேருக்குச் சர்க்கரை நோய் என்று பார்க்கிறீர்கள் என்று வைப்போம். 20 சதவீதம் இருக்கலாம் என ஊகம். 30 பேரைப் பார்த்தால் விடை "6 முதல் 34 சதவீதத்துக்குள்" என்று வரும், வீட்டிலிருந்தே சொல்லியிருக்கலாம். 5 சதவீதம் முன்பின் துல்லியம் வேண்டுமானால் 1.96-இன் வர்க்கம் × 0.2 × 0.8 ÷ 0.05-இன் வர்க்கம் = 246 பேர். பத்தில் ஒருவர் விலகுவார் என்றால் 0.9-ஆல் வகுத்து 274. சில சுகாதார நிலையங்களைத் தேர்ந்தெடுத்து அங்கிருந்து மட்டும் எடுத்தால், ஒரே இடத்து ஆட்கள் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். அதை ஈடுகட்டப் பெருக்கும் எண்ணை (வடிவமைப்பு விளைவு) 2 என்று கொண்டால் 547.

லேப் பக்கத்தில் வேறு ஆபத்து. 27 சைட்டோகைனை (எதிர்ப்பு செல்கள் சுரக்கும் சைகைப் புரதங்கள்) ஒரே கிட்டில் அளந்து பி மதிப்பு 0.05-க்குக் கீழ் வந்ததை மட்டும் எடுத்தால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு தற்செயலாகவே சிக்கும். அதன் மேல் தீசிஸ் கட்டினால் அடுத்த தொகுதி நோயாளிகளில் சரிந்துவிடும்.

லேப்ல 90 சதவீதம் சரியா காட்டற மார்க்கர், ஊருல ஏன் எடுபடல?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உணர்திறன் (நோய் உள்ளவரைப் பிடிப்பது) 90, தனித்துவம் (நோயில்லாதவரை இல்லை என்று காட்டுவது) 90 சதவீதம். வார்டில் பாதிப்பேருக்கு நோய் இருக்கும். "உண்டு" என்று காட்டிய 100 பேரில் 90 பேருக்கு உண்மையிலேயே இருக்கும். இப்போது ஊரில் 1,000 பேரில் 10 பேருக்கு நோய் என்று வையுங்கள். 9 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேரையும் பிடிக்கும். "உண்டு" என்று வந்த 108 பேரில் உண்மை 9. மற்ற 99 பேருக்கும் எக்ஸ்ரே, பயம், வேலைக்கு லீவு. போதாக்குறைக்கு, ஆரோக்கியமான எம்.எஸ்சி. மாணவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் அந்த 90 வந்தது என்றால், இருமலோடு வரும் ஆஸ்துமாக்காரர் முன்னால் அது இன்னும் இறங்கும்.

தடுப்பூசிக்கும் இதே கதை. பிசிஜி கினிப்பன்றிகளைக் காத்தது, பிரிட்டன் இளைஞர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் காத்தது. 1968-இல் செங்கல்பட்டுப் பகுதியில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்துத் தொடங்கிய சோதனையில், 15 ஆண்டு பின்தொடர்ந்தும் பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள பிற மைகோபாக்டீரியாக்கள் உடம்பை முன்பே பழக்கிவிட்டன என்பது பலரும் சொல்லும் விளக்கம். முடிந்த விவாதம் இல்லை. குழந்தைகளின் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயைத் தடுப்பதால்தான் இன்றும் பிறந்ததும் போடுகிறோம்.

அப்ப "பொதுச் சுகாதாரப் பயன்பாடு"ன்னு கடைசி அத்தியாயத்துல என்னதான் எழுதறது?

"இது எதிர்காலத்தில் நோயறியும் கருவியாகப் பயன்படலாம்" என்ற வரியை அடித்துவிடுங்கள். எந்தத் தேர்வாளரும் அதைப் படிப்பதில்லை. யார், எந்த இடத்தில், கையில் என்ன கருவியோடு, எதை மாற்றிச் செய்வார் என்று எழுதுங்கள்.

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் நல்ல மாதிரி. காசநோய் மரணங்களில் பல சிகிச்சை தொடங்கிய முதல் வாரங்களில் நடக்கின்றன. கடும் மெலிவும் மூச்சுத்திணறலும் முன்னறிகுறிகள். அதனால் நோய் உறுதியானதுமே செவிலியர் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, துணையில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார். பிஎம்ஐ 14 அல்லது அதற்குக் கீழ், ஆக்சிஜன் 94-க்குக் கீழ் போன்ற எல்லைகளைத் தாண்டியவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். தராசும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும்தான் கருவி. உங்கள் சைட்டோகைன், இந்தப் பட்டியலுக்கு மேல் கூடுதலாக எத்தனை பேரை முன்கூட்டிக் காட்டும்? இதற்கு எண்ணாக விடை இருந்தால் அத்தியாயம் தயார்.

பேப்பர் வராம தீசிஸ் கொடுக்கலாமா?

2022 விதியில் கட்டாய வெளியீடு நீக்கப்பட்டுவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் இன்னும் ஒன்றாவது கேட்கின்றன. ஏற்கத்தக்க இதழ்களைச் சொன்ன யுஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதால், இதழ் நல்லதா என்று நீங்களே பார்க்க வேண்டும். மூன்று நாளில் ஏற்றுக்கொண்டு பணம் கேட்கும் இதழ் எது என்பதை விளக்கத் தேவையில்லை. நகலெடுத்ததைக் கண்டுபிடிக்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும்.

வைவால மாட்டிவிடற கேள்வி எது?

"நீங்கள் பார்த்தது காரணமா, விளைவா?" ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் ஒரு புரதம் நோயாளிகளிடம் கூடுதலாக இருந்தால், அது நோயைக் கொண்டுவந்ததா, நோயால் வந்ததா, இரண்டுமே சத்துக்குறைவால் வந்தவையா என்று பிரிக்க முடியாது. சிகிச்சைக்கு முன், இரண்டாம் மாதம், முடிவில் என்று மூன்று முறை எடுத்தவர்களுக்குச் சொல்ல ஏதோ இருக்கும். அடுத்தது சர்க்கரை நோய்: அது காசநோய் வரும் வாய்ப்பை ஏறக்குறைய மூன்று மடங்காக்கும், சைட்டோகைன்களையும் மாற்றும். நோயாளிகளின் சர்க்கரை அளவைப் பதிவே செய்யாமல் ஆய்வை முடித்தவர்கள் இங்கே திணறுவார்கள். முதல் நாள் கேள்வித்தாளில் ஒரு வரி, ஒரு ஹெச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை). அவ்வளவுதான்.

எனக்கு லேப் வேலையே பிடிக்கல, திட்டங்களை நடத்தத்தான் ஆசை. பிஎச்டி வேணுமா?

வேண்டியதில்லை. சென்னை நோய்ப்பரவலியல் நிறுவனத்திலும் திருவனந்தபுரத்திலும் எம்பிஎச் (பொதுச் சுகாதார முதுகலை) இருக்கிறது. அதில் கணக்கெடுப்பு, மாதிரி எடுத்தல், திட்ட மதிப்பீடு எல்லாம் சொல்லித் தருவார்கள். அதை முடித்த பிறகும் ஒரு கேள்வி விடாமல் துரத்தினால், அப்போது பிஎச்டிக்கு விண்ணப்பியுங்கள்.